அஞ்சு வாரம் முன்னாடி ஸ்டென்ட் வச்ச அப்பா, வீசிங் இருக்கிற அம்மா: 20 மணி நேர பிளைட்ல அனுப்பலாமா?

தம்பி, நீங்க கேட்டது இதுதான். அப்பாவுக்கு 69 வயசு, 20 வருஷமா சுகர், காலைலயும் ராத்திரியும் மிக்ஸ்டர்ட்ங்கிற கலப்பு இன்சுலின், அஞ்சு வாரம் முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கு. அம்மாவுக்கு 64, பாதி ஆயுசு விறகடுப்புப் புகையிலயே போயிருக்கு, இப்ப சிஓபிடின்னு, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமா சுருங்கிப் போற நுரையீரல் நோய்னு சொல்லி இன்ஹேலர் குடுத்திருக்காங்க, கூடவே முட்டி வலி. டல்லாஸ்ல தங்கச்சிக்குப் பிரசவம். சென்னைலேர்ந்து துபாய் நாலு மணி நேரம், அங்க மாறி டல்லாஸ் 16 மணி நேரம், ரெண்டு பேரும் தனியாத்தான் போறாங்க. அனுப்பலாமா?

நான் மதுரைல 24 வருஷமா பொது மருத்துவம் பாக்குறேன், பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கிற அம்மா அப்பாக்களுக்கு பிளைட்ல போகத் தகுதின்னு பிட் டு பிளை சர்டிபிகேட் எழுதிக் குடுக்கிறது வாராவாரம் வர்ற வேலை. நேர்ல பாக்காம முடிவு சொல்ல முடியாது, ஆனா உங்க பக்கத்து டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும், என்ன ஏற்பாடு பண்ணணும்னு சொல்ல முடியும். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அப்பா அநேகமா போகலாம், எனக்கு யோசனை அம்மாவைப் பத்திதான். வீட்டுல எல்லாரும் ஸ்டென்ட்டப் பாத்துப் பயப்படுவாங்க, நுரையீரல யாரும் நினைக்க மாட்டாங்க, ஆனா பிளைட்டோட உண்மையான சோதனை நுரையீரலுக்குத்தான்.

ஏன்னா பிளைட் 35,000 அடில பறந்தாலும் உள்ள காத்தழுத்தம் 6,000லேர்ந்து 8,000 அடி உயரத்துல இருக்கிற மாதிரிதான் வச்சிருப்பாங்க. நம்ம கொடைக்கானல் சுமார் 7,000 அடி. அதாவது உங்க அம்மாவைக் கொடைக்கானல் ஏரிக்கரைல ஒரே சேர்ல 16 மணி நேரம் உக்கார வைக்கிற மாதிரி. காத்துல ஆக்சிஜன் அங்கயும் 21 சதவீதம்தான், ஆனா அழுத்தம் குறைஞ்சு போறதால 8,000 அடில நுரையீரலுக்குக் கிடைக்கிறது, தரைல 15 சதவீத ஆக்சிஜன் இருக்கிற காத்தை இழுக்கிறதுக்குச் சமம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரி புது விமானங்கள்ல 6,000 அடி அளவுலயே வச்சிருக்காங்க, டிக்கெட் போடுறப்ப ரெண்டு மூணு பிளைட் சாய்ஸ் இருந்தா அம்மாவுக்காக அந்த மாடலா பாத்துப் போடுறது நல்லது.

போன வருஷம் குடும்பத்தோட கொடைக்கானல் போனப்ப பையில பல்ஸ் ஆக்சிமீட்டர், அதாவது விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு பாக்கிற கருவி, இருந்துச்சு. மலையடிவாரத்துல வத்தலக்குண்டுல டீ குடிக்க நிறுத்தின இடத்துல என் விரல்ல 98, மாமியாருக்கு 95, அவங்களுக்கும் பழைய ஆஸ்துமா. மேல போய் ஏரிகிட்ட அரை மணி நேரம் உக்காந்துட்டு திரும்பப் போட்டுப் பாத்தா எனக்கு 94, அவங்களுக்கு 89. அவங்க ஒண்ணும் சொல்லல, சும்மா சால்வையை இழுத்துப் போத்திக்கிட்டு "லேசா தலை வலிக்குது, குளுருதான் ஒத்துக்கல"ன்னாங்க. குளிர் இல்ல அது. ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குற விதம் காட் ரோடு மாதிரி, 98லேர்ந்து 93 வரைக்கும் சமதரை, கொஞ்சம் குறைஞ்சாலும் உடம்பு கண்டுக்காது, 90ஐத் தாண்டினதும் சரிவு ஆரம்பிச்சிரும், அதுக்கப்புறம் சின்னக் குறைவுக்கே நம்பர் சடசடன்னு விழும். தரைல 98 இருக்கிறவருக்கும் 92 இருக்கிறவருக்கும் வித்தியாசம் ஆறுதான்னு தோணும், மேல போனா அது ஆறா நிக்காது.

அதனால இன்னிக்கே ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி, அம்மா பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்த பிறகு, மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரல்ல, மூணு நாள் காலை மாலை பாத்து எழுதி வைங்க. டாக்டர்கள் பல வருஷமா வச்சிருக்கிற பொதுக் கணக்கு, 95க்கு மேல இருந்தா பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாமலே போகலாம், 92க்குக் கீழன்னா பிளைட்ல ஆக்சிஜன் ஏற்பாடு இல்லாம ஏறவே கூடாது, நடுவுல இருந்தா கூடுதலா சோதிக்கணும். அந்தச் சோதனை பெரிய ஆஸ்பத்திரி நுரையீரல் பிரிவுல இருக்கும், 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காத்தை 20 நிமிஷம் சுவாசிக்க வச்சு நம்பர் எவ்வளவு இறங்குதுன்னு பாப்பாங்க, பிளைட்டைத் தரைலயே ஓட்டிப் பாக்கிற மாதிரி. அது கிடைக்கலைன்னா குறைஞ்சபட்சம் ஆறு நிமிஷம் நடக்க விட்டுப் பாக்கச் சொல்லுங்க. சிஓபிடில இந்தக் கணக்கு மட்டும் போதாது, உக்காந்திருக்கிறப்ப 95 இருந்தும் நடந்தா மூச்சு வாங்குறவங்க உண்டு, அதனால நெஞ்சு டாக்டர் ஒருத்தர் பாத்தே ஆகணும்.

ஆக்சிஜன் தேவைப்பட்டா ஒரு சிலிண்டரைக் கையோட எடுத்துட்டுப் போயிடலாம்னு நினைக்காதீங்க, சொந்த சிலிண்டரைப் பொதுவா விட மாட்டாங்க. ஒண்ணு ஏர்லைன்ஸே காசு வாங்கிட்டு ஏற்பாடு பண்ணும், இல்லைன்னா அவங்க அனுமதிச்ச பட்டியல்ல உள்ள போர்ட்டபிள் கான்சன்ட்ரேட்டர், அதாவது சுத்தி இருக்கிற காத்துலேர்ந்தே ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கிற சின்ன மெஷின், கொண்டு போகலாம், அதுக்கு பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடுற அளவு பேட்டரி கேப்பாங்க. 16 மணி நேர பிளைட்டுக்கு 24 மணி நேர பேட்டரி, எத்தனை வேணும்னு முன்னாடியே கணக்குப் போட்டுக்குங்க. உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டில போடக் கூடாது, கைப்பைலதான் வரணும். துபாய்ல காத்திருக்கிற நேரத்துக்கும் ஆக்சிஜன் வேணும், அதை எல்லாரும் விட்டுடுறாங்க. இன்னொண்ணு, "அவசரம்னா மேலேர்ந்து மாஸ்க் விழுமே"ன்னு ஒரு மகன் என்கிட்ட கேட்டார். அது கேபின்ல அழுத்தம் போனா பைலட் கீழ இறங்குற வரைக்கும் தாக்குப் பிடிக்க வச்சது, ஏறக்குறைய கால் மணி நேரம்தான் வரும், மூச்சுத்திணறல் வர்ற நோயாளிக்கு வச்சதில்ல.

இப்ப அப்பா. ஸ்டென்ட் ஒரு உலோகக் கம்பி வலை, அது மேல போனா வெடிக்காது, நகராது, செக்யூரிட்டி கேட்லயும் ஒண்ணும் ஆகாது. சிக்கல் இல்லாத அட்டாக்னா பொதுவா ஒண்ணரை ரெண்டு வாரத்துலயே பறக்க விட்டுடுறாங்க, அஞ்சு வாரம் நல்ல இடைவெளி. ஆனா மூணு விஷயம் தெரியணும். எக்கோ ஸ்கேன்ல இதயத்தோட பம்பிங் எவ்வளவு, நெஞ்சுவலி திரும்ப வந்துச்சா, மாடிப்படி ஒரு தளம் நிக்காம ஏறினா மூச்சு வாங்குதா. இந்த மூணும் நல்லா இருந்தா இதய டாக்டர் தயங்க மாட்டார். பைபாஸ் ஆப்பரேஷன்னா குறைஞ்சது பத்து நாள், நடைமுறைல நாங்க நாலு ஆறு வாரம்னே சொல்லுவோம், நெஞ்செலும்பு கூடணும் இல்லையா, பெட்டி தூக்கக் கூடாது.

அப்பா விஷயத்துல என் பயம் வேற. ஸ்டென்ட் வச்ச பிறகு குடுக்கிற ரெண்டு ரத்த இளக்கி மாத்திரை, ஆஸ்பிரினும் கூட குளோபிடோக்ரெலோ டைகாக்ரெலாரோ, அதுல ஒரு வேளை கூட விடக் கூடாது, முதல் சில மாசம் ரொம்ப முக்கியம், விட்டா ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறையலாம். பயணத்துல தூக்கம், நேர மாற்றம், சாப்பாடு மாறுறது, எல்லாம் சேந்து மாத்திரை விட்டுப் போறது சாதாரணமா நடக்கும். டைகாக்ரெலார் சாப்பிடுறார்னா இன்னொரு தகவல், அந்த மாத்திரைக்கே சிலருக்கு மூச்சு முட்டுற மாதிரி ஒரு பக்கவிளைவு உண்டு, மேல போய் முதல் தடவை அதைக் கவனிச்சு பயந்துடக் கூடாது, ஊர்லயே இருக்கான்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. நெஞ்சுவலி வந்தா நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை குடுத்திருந்தா அது மேல இருக்கிற பையில இல்ல, சட்டைப் பையில.

இன்சுலின் பத்தி கொஞ்சம் அதிகமாவே எழுதணும். செக்-இன் பெட்டில போகவே கூடாது. கீழ சரக்கு அறைல குளிர்ல உறைஞ்சா இன்சுலின் கெட்டுப் போச்சு, திரும்ப இளகினாலும் வேலை செய்யாது, பாக்கிறதுக்கு நல்லாவே இருக்கும், அதுதான் ஆபத்து. என்கிட்ட வர்ற ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பெட்டிக்குள்ள துணி நடுவுல பத்திரமா இருக்கும்னு மொத்த இன்சுலினையும் அங்க வச்சார், பெட்டி மூணு நாள் கழிச்சு வந்துச்சு, அதுக்குள்ள சுகர் 480 ஏறி அங்க எமர்ஜென்சில படுத்துட்டார். அதனால எல்லா மருந்தும் கைப்பைல, சின்ன கூலிங் பவுச்ல, கூடவே டாக்டர் லெட்டர், அதுல ஊசி, பேனா, குளுக்கோமீட்டர் எல்லாம் பேர் போட்டு எழுதியிருக்கணும். ஐஸ் கட்டியோட ஒட்டி வைக்காதீங்க, அதுலயும் உறையும்.

நேரக் கணக்கு எப்படின்னு எல்லாரும் குழம்புறாங்க. மேற்க போறப்ப நாள் நீளும், ரெண்டு ஊசிக்கு நடுவுல இடைவெளி கூடும், கிழக்க திரும்பி வர்றப்ப நாள் சுருங்கும், அப்ப பழைய ஊசி இன்னும் வேலை செஞ்சிட்டிருக்கிறப்பவே அடுத்ததைப் போட்டா சுகர் இறங்கிரும். நான் சொல்ற எளிய வழி, பிளைட் முழுக்க வாட்ச்சை இந்திய நேரத்துலயே விட்டுடுங்க, அந்த நேரப்படியே ஊசி, அங்க போய்ச் சேந்த பிறகு டல்லாஸ் நேரத்துக்கு எப்ப எவ்வளவு யூனிட்ல மாத்தணும்னு சுகர் டாக்டர்கிட்ட பேப்பர்ல எழுதி வாங்கிக்குங்க. மிக்ஸ்டர்ட் போடுறவருக்கு இன்னொரு விதி ரொம்ப முக்கியம். வீட்டுல அரை மணி நேரம் முன்னாடி ஊசி போட்டுட்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பார். பிளைட்ல அப்படிப் பண்ணா ஊசி போட்டு முடிச்சதும் டர்புலன்ஸ் வந்து, ட்ராலியை உள்ள தள்ளிட்டு எல்லாரும் பெல்ட் போட்டு உக்காருங்கன்னு சொன்னா அவ்வளவுதான், சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப் போகும், இவருக்கு வேர்த்துக் கொட்டும். தட்டு முன்னாடி வந்த பிறகுதான் ஊசி. அது கொஞ்சம் தாமதமானா சுகர் சிறிசா ஏறும், பரவாயில்ல, இறங்குறதுதான் ஆபத்து. அப்பா சட்டைப் பையில நாலு குளுக்கோஸ் மிட்டாய், அம்மா கைப்பைல பிஸ்கட், ரெண்டு பேருமே வச்சிருக்கணும்.

நோய் இருக்கிறதை மறைக்கிற பழக்கத்தைப் பத்தி மனசு விட்டு சொல்லணும். நம்ம பெரியவங்க டிக்கெட் கேன்சல் ஆயிடுமோ, பேரனப் பாக்க முடியாம போயிடுமோன்னு எதையும் சொல்ல மாட்டாங்க. ஒரு அம்மா, 70 வயசு, இதயம் வீக், கால் வீக்கத்துக்கு லேசிக்ஸ்ங்கிற நீர் மாத்திரை சாப்பிடுறவங்க, பயணத்துக்கு முந்தின நாள்லேர்ந்து அந்த மாத்திரைய நிறுத்திட்டாங்க, தண்ணியும் குடிக்கல. ஏன்னு பின்னாடி கேட்டா, ஜன்னலோர சீட்டு, பக்கத்துல ரெண்டு பேர் தூங்குறாங்க, அவங்கள எழுப்பி எழுப்பி பாத்ரூம் போக வெக்கமா இருந்துச்சாம். இறங்குறப்ப செருப்புக்குள்ள கால் நுழையல, மூச்சு இரைச்சு, ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஆஸ்பத்திரி. இதை நான் ஒரு தடவை இல்ல, பல தடவை பாத்துட்டேன், ஆளும் ஊரும்தான் மாறும். அதனால ரெண்டு பேருக்கும் நடைபாதையோர சீட்டு, பாத்ரூம் பக்கமா, காசு குடுத்தாவது முன்னாடியே போட்டுடுங்க. முன்னும் பின்னுமா ரெண்டு ஓர சீட்டு கிடைச்சா இன்னும் நல்லது. நீர் மாத்திரையை நிறுத்தக் கூடாது, வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டு நேரத்தை மட்டும் மாத்திக்கலாம்.

கேபின் காத்துல ஈரப்பதம் 10லேர்ந்து 20 சதவீதம்தான் இருக்கும், உதடு தொண்டை எல்லாம் காயும், அதனால தண்ணி கொஞ்சம் கொஞ்சமா. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்தா கால் நரம்புல ரத்தம் உறையற ஆபத்து ரெண்டு மூணு மடங்கு கூடுது. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, நல்ல ஆரோக்கியமா இருக்கிறவங்கள்லயே சுமார் 6,000 பயணத்துக்கு ஒருத்தருக்கு வருதுன்னு வந்துச்சு. வயசு, குண்டு உடம்பு, சமீபத்துல ஆப்பரேஷன், கேன்சர், முன்னாடி உறைஞ்ச சரித்திரம் இருந்தா இன்னும் கூடும். மணிக்கு ஒரு தடவை பாதத்தை மேலயும் கீழயும் இருபது தடவை ஆட்டச் சொல்லுங்க, அம்மா முட்டி வலில எழுந்து நடக்க யோசிப்பாங்க, பாதத்தை ஆட்ட முட்டி வேண்டாம். முட்டிக்குக் கீழ வரைக்கும் வர்ற இறுக்கமான சாக்ஸ் நல்லது, ஆனா அப்பாவுக்கு 20 வருஷ சுகர், கால் ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு பாக்காம அவருக்குப் போடாதீங்க. தூக்க மாத்திரை ரெண்டு பேருக்குமே வேண்டாம், சிஓபிடில அது மூச்சையே மந்தமாக்கும்.

ஆப்பரேஷன் சமாச்சாரம் உங்களுக்கு இப்ப இல்ல, ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி கண்ணு பல்லு எல்லாம் முடிச்சிட்டுப் போயிடலாம்னு பெரியவங்க கிளம்புவாங்க, அதனால சொல்றேன். மேல போகப் போக உடம்புக்குள்ள அடைஞ்சிருக்கிற காத்து சுமார் 30 சதவீதம் விரியும். விழித்திரை ஆப்பரேஷன்ல கண்ணுக்குள்ள கேஸ் விட்டிருந்தா அது கரையுற வரைக்கும், சில கேஸுக்கு ரெண்டு வாரம், சிலதுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் கூட, பிளைட் ஏறவே கூடாது, பார்வையே போயிடும். சாதாரண கேட்ராக்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல. புதுசா மாவுக்கட்டு போட்டிருந்தா 48 மணி நேரம் காத்திருக்கணும்.

இந்தக் காத்து விரியுற விஷயம் எவ்வளவு தூரம் போகும்ங்கிறதுக்கு 1995 மே மாசம் நடந்தது ஒண்ணு. ஹாங்காங்ல ஒரு பொண்ணு ஏர்போர்ட்டுக்கு வர்ற வழில மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டாங்க, யாருகிட்டயும் பெருசா சொல்லாம லண்டன் பிளைட்ல ஏறிட்டாங்க. கை வலின்னு சொன்னதும் பிளைட்ல இருந்த எலும்பு டாக்டர் ஆங்கஸ் வாலஸ் கைக்குக் கட்டுப் போட்டார். கொஞ்ச நேரத்துல நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். விலா எலும்பு உடைஞ்சு நுரையீரலுக்கு வெளிய காத்து கசிஞ்சிருக்கு, அது மேல போகப் போக விரிஞ்சு நுரையீரலை அமுக்குது. இன்னொரு டாக்டரும் சேந்து, சட்டை மாட்டுற கம்பிய நிமித்தி பிராந்தில சுத்தம் பண்ணி, அதை வச்சு சிறுநீர் வடிக்கப் போடுற டியூபை நெஞ்சுக்குள்ள செலுத்தி, மறுமுனையை மினரல் வாட்டர் பாட்டில்ல விட்டு காத்தை வெளியேத்தினாங்க. அந்தப் பொண்ணு பொழச்சிட்டாங்க. எனக்கு இதுல எப்பவும் மனசுல நிக்கிறது அந்தக் கம்பி இல்ல, விழுந்ததை ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா தரைலயே ஒரு எக்ஸ்ரேல முடிஞ்சிருக்கும்ங்கிறதுதான்.

நோயை முன்கூட்டியே ஏர்லைன்ஸ்கிட்ட சொல்றதுக்குன்னே ஒரு படிவம் இருக்கு, மெடிஃப்னு பேர், எல்லா ஏர்லைன்ஸ் தளத்துலயும் கிடைக்கும். சமீபத்துல ஆஸ்பத்திரில இருந்தவங்க, ஆக்சிஜன் தேவைப்படுறவங்க, ஆப்பரேஷன் ஆனவங்க இதை டாக்டர்கிட்ட நிரப்பி வாங்கி பயணத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியாவது அனுப்பணும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரெண்டு பேருக்குமே போடுங்க. போடாம போய் கேட்ல நிக்கிறப்ப அம்மாவுக்கு மூச்சு வாங்குறதை ஊழியர் பாத்தா ஏத்தாம நிறுத்த அவங்களுக்கு உரிமை உண்டு.

வீல்சேர் கண்டிப்பா கேளுங்க, கட்டணம் இல்ல, 48 மணி நேரம் முன்னாடி சொல்லணும். அதுல மூணு வகை இருக்கு. படி ஏறுவாங்க ஆனா தூரம் நடக்க முடியாதுன்னா டபிள்யூ சி எச் ஆர், படியே ஏற முடியாதுன்னா டபிள்யூ சி எச் எஸ், சீட்டு வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்னா டபிள்யூ சி எச் சி. அம்மாவுக்கு ரெண்டாவது சரியா இருக்கும், ஏன்னா சில இடத்துல பஸ்ல கூட்டிட்டுப் போய் ஏணிப்படில ஏத்துவாங்க. அப்பாவுக்கும் முதல் வகைய கேட்டுடுங்க, அவர் வேண்டாம்னுதான் சொல்லுவார், துபாய்ல ஒரு கேட்லேர்ந்து இன்னொரு கேட்டுக்கு கைப்பையோட வேகமா நடக்கிறது அஞ்சு வாரம் முன்னாடி அட்டாக் வந்தவருக்கு வேண்டாத வேலை.

மாத்திரைங்கள எப்படிக் கொண்டு போறாங்கன்னு ஒரு தடவை அவங்க பையைத் திறந்து பாருங்க. போன மாசம் ஒரு அம்மா என் மேஜைல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவுத்தாங்க, எல்லா மாத்திரையும் அட்டையைக் கத்தரிச்சு ஒண்ணொண்ணா, பேர் இருக்கிற பக்கம் போயாச்சு, வெள்ளை மாத்திரை மட்டும் அஞ்சு வகை. எது பி.பி, எது தைராய்டுன்னு எனக்கே தெரியல. அட்டை முழுசா, மருந்துக்கடை பில்லோட, இங்கிலீஷ்ல டைப் பண்ண சீட்டோட இருக்கணும், அமெரிக்காவுக்கு மூணு மாச அளவுக்கு மேல கொண்டு போக வேண்டாம். துபாய்ல மாறுறதால இன்னொரு கவனம், அப்பாவுக்குக் கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின் குடுத்திருப்பாங்க, சுகர்காரங்களுக்கு இங்க சர்வ சாதாரணம், துபாய் இருக்கிற அமீரக நாட்டுல அது கட்டுப்பாட்டு மருந்து, முட்டி வலிக்குக் குடுக்கிற ட்ரமடாலும், இருமல் மருந்துல வர்ற கோடீனும் அப்படித்தான். ஏர்போர்ட்டுக்குள்ளயே மாறிப் போனாலும் பிரிஸ்கிரிப்ஷன் கைல இருக்கணும், வெளிய போய் தங்குறதா இருந்தா முன்னாடியே ஆன்லைன்ல அனுமதி வாங்கணும். பிரசவத்துக்குப் போறவங்க மசாலாப் பொடி கட்டுவாங்க, கசகசா துபாய்ல தடை, அதையும் எடுத்து வச்சிடுங்க.

கடைசியா ஒரு அட்டை. பாஸ்போர்ட் அளவுல, இங்கிலீஷ்ல: பேர், வயசு, என்ன நோய், ஸ்டென்ட் வச்ச தேதி, என்ன மருந்து எத்தனை மில்லிகிராம், எது அலர்ஜி, டல்லாஸ் நம்பர், உங்க நம்பர். பின்பக்கம் அப்பாவோட கடைசி ஈசிஜி ஜெராக்ஸ் சின்னதா மடிச்சு. 2008லேர்ந்து 2010 வரைக்கும் பிளைட்ல நடந்த கிட்டத்தட்ட 12,000 அவசரங்களை ஆராய்ஞ்ச ஒரு ஆய்வுல, பாதிக்குப் பாதி தடவை பயணிகள்ல ஒரு டாக்டர் எழுந்து வந்திருக்காங்க. எழுந்து வர்ற அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியும்னு சொல்ல முடியாது. நானே ஒரு தடவை மஸ்கட் தாண்டி ஒரு பெரியவரைப் பாக்கப் போனேன், மயக்கம், பேச்சில்ல, சட்டைப் பையில இப்படி ஒரு அட்டை இருந்துச்சு, "இன்சுலின்"ங்கிற ஒரு வார்த்தைதான், சுகர் பாக்காமலே சர்க்கரைத் தண்ணிய ஈறுல தடவ ஆரம்பிச்சிட்டோம், பத்து நிமிஷத்துல கண்ணு முழிச்சார். தலைக்கு மேல இருக்கிற அழைப்பு பட்டனையும் ரெண்டு பேருக்கும் ஒரு படத்துல காட்டி, அமுக்கினா திட்ட மாட்டாங்கன்னு சொல்லிக் குடுத்து அனுப்புங்க.

இன்சூரன்ஸ் எடுக்கிறப்ப சுகரையும் அட்டாக்கையும் மறைக்காம எழுதுங்க, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு எவ்வளவு வரைக்கும் குடுப்பாங்கன்னு பாலிசில படிச்சுப் பாத்துட்டு எடுங்க, மலிவான பல பாலிசில அது ஏறக்குறைய ஒண்ணுமே இருக்காது. டிக்கெட்ட அம்மாவோட நெஞ்சு டாக்டர் பாத்த பிறகு போடுங்க, தேதி மாத்துற வசதி உள்ளதா போடுங்க. அம்மா நம்பர் 92க்குக் கீழ வந்து, ஆக்சிஜன் ஏற்பாடும் சரியா அமையலைன்னா, அப்பாவை முதல்ல அனுப்பிட்டு அம்மா மருந்து மாத்தி ஒரு மாசம் தேறின பிறகு போறதைப் பத்தி தங்கச்சிகிட்ட இப்பவே பேசி வைங்க, டிக்கெட் போட்ட பிறகு அந்தப் பேச்சு அம்மா காதுல ஏறாது.